பிக்கப் பெட்டிக்குத் தகடு அடித்தல்

சரக்கு ஏற்றும் சிறு வண்டியின் பின்பெட்டியில், தரையின் மேலோ பக்கச் சுவர்களின் உள்முகத்திலோ இரும்புத் தகட்டை விரித்து வெல்டிங் வைக்கும் பட்டறை வேலை இது. பாடி கட்டுவது வேறு. அதில் சேஸை மட்டும் வாங்கிவந்து பெட்டி முழுவதையும் புதிதாகச் செய்வார்கள். கம்பெனிப் பெட்டியோடு வந்த வண்டியின் தரை நெளிந்து ஓட்டை விழுந்தபின், அதன் மேல் இன்னொரு தரையைப் போர்த்துவதே தகடு அடிப்பது. பாடி கட்ட வரைபடம் உண்டு. தகடு அடிக்கப் பெரும்பாலும் சாக்பீஸ் கோடு போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பின்னால் வரும் தொல்லைகள் பாதி அதில்தான் தொடங்குகின்றன.

நாமக்கல் மாவட்டத்துக்கு இரும்புப் பெட்டி புதிதல்ல. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவதும் டேங்கர் தொழிலும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும், பக்கத்துக் கரூரில் பஸ் பாடியும் பேர்போனவை. பெரிய வண்டிக்குப் பழகிய அந்தக் கைகளிடம், 2005-இல் டாடா ஏஸ் வந்தபின் சின்ன வண்டிகளும் வந்து நின்றன. மக்கள் அதற்குக் குட்டி யானை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2011-இல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மலைப்பக்கத்தில் மகிந்திராவின் பொலிரோ பிக்கப்புக்குத் தனி மதிப்பு.

இதே மாவட்டத்தின் கொல்லிமலையில், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்ததும் வரும் ஊர் சோளக்காடு. அங்கே சந்தைக்கு வரும் அன்னாசியும் பலாவும் மலைவாழையும், மலையில் விளையும் மிளகும் காப்பியும் மரவள்ளிக் கிழங்கும் கீழே இறங்கியாக வேண்டும். சிமெண்டும் கம்பியும் செங்கல்லும் மேலே ஏறியாக வேண்டும். ஏறும்போது பெட்டியின் தரை அடி வாங்குகிறது. இறங்கும்போது பழச்சாறு குடிக்கிறது. அன்னாசிச் சாறு நல்ல புளிப்பு, அதன் பி.எச். அளவு 3-க்கும் 4-க்கும் இடையில் இருக்கும். பெயின்ட் உரிந்த இடத்தில் அது தேங்கினால் சாதாரண மழைநீரைவிட வேகமாக இரும்பை அரிக்கும். தோல் நசுங்கிய ஒரு பழம் மூட்டைக்கடியில் கிடந்த இடத்தை, இரண்டு நாள் கழித்துக் கழுவிப் பார்த்தால் கைரேகை போலச் செம்பழுப்பு வளையம் தெரியும்.

தகட்டின் கனத்தைப் பட்டறையில் கேஜில் சொல்வார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும்: 18 கேஜ் 1.2 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ., 14 கேஜ் 2 மி.மீ. பக்கச் சுவருக்கு 16 அல்லது 18 போதும். தரைக்கு 2 மி.மீ. அல்லது 3 மி.மீ. செக்கர் பிளேட் போடுவார்கள். அதன் மேல் எழும்பிய கோடுகள் ஈரத்தில் கால் வழுக்காமல் காக்கும். வண்டிக்காரர் எப்போதும் கனமானதைத்தான் கேட்பார். கணக்குப் போட்டால் ஆசை கொஞ்சம் அடங்கும். 8 அடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் உள்ள தரை 44 சதுர அடி, அதாவது சுமார் 4.1 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 1 மி.மீ. கனத்தில் 7.85 கிலோ வீதம், 3 மி.மீ. தகடு ஏறத்தாழ 96 கிலோ வரும்; 2 மி.மீ. என்றால் 64 கிலோ. மூன்று மில்லி போட்டவர் ஒவ்வொரு நடையிலும் இரண்டு மூட்டைக் கிழங்கை வாடகையில்லாமல் சுமக்கிறார்.

வெல்டிங்கில் கை தேர்ந்தவரையும் தேராதவரையும் காட்டிக்கொடுப்பது தகட்டின் நெளிவு. பற்றவைக்கும் இடத்தில் இரும்பு 1,500 டிகிரி அளவில் உருகுகிறது. ஒரு சாண் தள்ளி அதே தகடு கை பொறுக்கும் சூட்டில் இருக்கிறது. சூடான பகுதி விரியப் பார்க்கிறது, குளிர்ந்த பகுதி இடம் தர மறுக்கிறது. விரிய வழியில்லாமல் தனக்குள்ளேயே அமுங்கிய இரும்பு, ஆறும்போது முன்பு இருந்ததைவிடக் குறுகிவிடும். ஓரம் குறுகினால் நடுத்தகடு எங்கே போகும்? தொப்பை போடும். அதன் மேல் காலை வைத்தால் டப் என்று உள்ளே போய், எடுத்ததும் டப் என்று வெளியே வரும். அந்தச் சத்தம் கேட்ட தகட்டைச் சுத்தியலால் நேராக்குவது பெரும்பாடு.

ஆகவே ஒரே இழுப்பில் ஓரம் முழுவதும் வெல்டிங் ஓட்டக் கூடாது. முதலில் நான்கு மூலை, பிறகு நடு, பிறகு எதிரும் புதிருமாகப் பொட்டு வைத்துத் தகட்டைப் பிடிக்க வேண்டும். அதற்கப்புறமும் ஓர் அங்குலம் ஓட்டி, நான்கு அங்குலம் விட்டு, வண்டியின் மறுபக்கம் போய் இன்னோர் அங்குலம் ஓட்டுவதே முறை. தொட்டுப் பார்த்துச் சூடு ஆறியபின் விட்ட இடத்துக்கு வரலாம். தரையின் நடுப்பகுதியைப் பிடிக்க, குறுக்குச் சட்டங்களுக்கு நேர் மேலே தகட்டில் 8 மி.மீ. துளை போட்டு, துளைக்குள் உருக்கி அடைப்பார்கள். கிரைண்டரால் தேய்த்துவிட்டால் மூட்டை இழுக்கும்போது தட்டாது.

சிறு பட்டறைகளில் ஆர்க் வெல்டிங்தான் வழக்கம். மெல்லிய தகட்டுக்கு 6013 ராடு, 2.5 மி.மீ., 70 ஆம்பியரைச் சுற்றி. கரண்ட் கூடினால் துளை விழும், குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய தகட்டுக்கு இன்னும் தோதானது 0.8 மி.மீ. கம்பி ஓடும் சி.ஓ.டூ. மெஷின்; கசடு தட்டும் வேலையும் இல்லை. ஆனால் மலையின் விளிம்பில் திறந்த கொட்டகையில் காற்று அடித்தால், உருகிய இரும்பைப் போர்த்தியிருக்கும் வாயு கலைந்து வெல்டிங் முழுக்க ஊசிக் கண் விழும். பனிமூட்டத்தில் நமத்துப்போன ராடும் இப்படித்தான் பொரிந்து தெறிக்கும். காயவைத்த ராடுதான் அமைதியாக எரியும்.

மெஷினை ஓட்டுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். இன்றைய டீசல் எஞ்சின்களுக்குக் கணினி மூளை உண்டு. வழி தவறி ஓடும் கரண்ட் அதைச் சுட்டுவிடும். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். சக்கரத்தின் பக்கம் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாக ஓடி அதன் முகத்தில் குழி விழும். டீசல் டேங்க்கையும் பிரேக் குழாய்களையும் மறைத்து, கையெட்டும் தூரத்தில் மணல் வாளி வைக்க வேண்டும். சேஸின் நீளச் சட்டங்களில் பொட்டு வைப்பதே கூடாது. பெட்டி சேஸோடு சேர வேண்டிய இடத்தில் யூ போல்ட்தான். வளைவில் முறுக்கி விடுபடும் சட்டத்தை வெல்டிங் கட்டிப்போட்டால், விரிசல் அந்தப் பொட்டின் ஓரத்திலேயே தொடங்கும்.

ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காது என்று அதைக் கேட்பவர்கள் உண்டு. அதன் மேல் பூசிய துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெண்புகையாகும். மூச்சில் போனால் அன்று மாலை குளிர்காய்ச்சல் வரும், ஒன்றிரண்டு நாளில் போகும். பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்பது பட்டறை நம்பிக்கை. புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டு வெளிக்காற்றில் வேலை செய்வதே வழி. கண்ணாடி இல்லாமல் வெளிச்சம் பார்த்த கண், சில மணி நேரம் கழித்து நடுராத்திரியில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். எட்ட நின்று வேடிக்கை பார்க்கும் பையனுக்கும் அதே கதிதான்.

பழைய தரையின் மேல் அப்படியே தகடு அடிப்பது மலிவு, வேகம். அதில் ஒரு கெடுதலும் உண்டு. இரண்டு தகடுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளியில் ஏறிய ஈரம் வெளியே வராது. வெயில் அடித்தாலும் அங்கே காயாது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது பெருத்து மேல்தகட்டைத் தூக்கும்போதுதான் வண்டிக்காரருக்குத் தெரியவரும். அதற்குள் கீழ்த்தகடு கையால் பிய்க்கும் நிலைக்கு வந்திருக்கும். அழுகிய பாகத்தை வெட்டி எடுத்து, சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மூலைகளில் நீர் வடியத் துளை விட்டு, அதன் பிறகு மூடினால் தரை பல வருஷம் நிற்கும். மூலைத் துளையைச் சாக்கு நார் அடைக்காமல் பார்த்துக்கொள்வது ஓட்டுநர் வேலை.

தரைத் தகட்டைவிட மலைச்சாலையில் கவலை தருவது பக்கச் சுவரை உயர்த்துவது. வாழைத்தாரும் பலாவும் நிறையப் பிடிக்கட்டும் என்று சுவரை ஓரடி ஏற்றினால், சரக்கும் ஓரடி மேலே ஏறும். கொண்டை ஊசி வளைவில் வண்டியை வெளிப்பக்கம் சாய்க்கும் விசை அந்த உயரத்தைப் பிடித்துத்தான் தள்ளுகிறது. இறக்கத்தில் கூடுதல் எடை முழுவதும் பிரேக் டிரம்மில் சூடாக இறங்கும்.

சட்டமும் இதில் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதிசெய்தது. நெளிந்த தரையைப் பழுதுபார்ப்பதும் பெட்டியின் அளவையே மாற்றுவதும் ஒன்றல்ல. சரக்கு வண்டி எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். ஆர்.சி.யில் எழுதிய வெற்று எடைக்கும் எடை மேடை காட்டும் எடைக்கும் நடுவே அந்த 96 கிலோ தெரிந்துவிடும். உயர்த்திய சுவருக்குள் ஆட்களை ஏற்றிச் சந்தைக்குப் போவது தனிக் குற்றம்; விபத்து நடந்தால் இழப்பீடு கேட்டுப் போகும்போது இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பதும் அதைத்தான்.