ஒரு வாக்கெடுப்பும் அதன் தஸ்தாவேஜுகளும்

1860-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் இந்தியர் அதில் இருந்தனர். அவர்களுள் தமிழரும் தெலுங்கரும் பலர். அவர்தம் வழித்தோன்றல்களின் வழக்கு 1946-இல் ஐக்கிய நாடுகள் சபையின் முன் வந்தது. அவ்வழக்கை மூலத்திலேயே படிக்க விரும்பும் நேயர்கள் நியூயார்க்குக்குச் செல்ல வேண்டுவதில்லை. அச்சபை 1946 முதல் தன் வெளியீடுகளைப் பல நாட்டு நூலகங்களில் வைத்து வந்தது. கொல்கத்தாவின் தேசிய நூலகம், டில்லியின் சப்ரூ மாளிகை நூலகம், சென்னையின் கன்னிமாரா நூலகம் ஆகியன அவ்வாறு பெற்றவை.

அங்கே ஆசிரியர் பெயரைக் கொண்டு தேடிப் பயனில்லை, குறியீடே திறவுகோல். 'ஏ' எனத் தொடங்குவது பொதுச் சபை. 'எஸ்' பாதுகாப்புச் சபை. 'ஈ' பொருளாதார சமூகச் சபை. பின்னர் 'பி.வி.' என்றிருப்பின் பேச்சு சொல்லுக்குச் சொல் அச்சாகியிருக்கும். 'எஸ்.ஆர்.' என்றிருப்பின் அது சுருக்கமே. சுருக்கத்தில் வாதம் கிடைக்கும். பேசியவரின் சினம் கிடைக்காது. ஆகவே இரண்டும் இருக்குமிடத்து முன்னதையே கேட்டுப் பெறுக.

நம் வழக்கில் ஒரு சிக்கலும் உண்டு. இது அரசியற் பிரச்சினையா, சட்டப் பிரச்சினையா என்பதே தகராறாயிருந்தமையால், முதற் குழுவும் ஆறாம் குழுவும் சேர்ந்த கூட்டுக் குழுவில் விசாரணை நடந்தது. முதற் குழுவின் தொகுதியை மட்டும் புரட்டுவோர் ஏமாந்து திரும்புவர். இந்தியத் தரப்பை விஜயலக்ஷ்மி பண்டிட் தலைமை தாங்கி நடத்தினார். எதிர்த் தரப்பில் ஜெனரல் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முகவுரைக்கு முதல் வரைவு தந்தவரும் அவரே! மனித உரிமையைப் போற்றும் முகவுரைக்கு வித்திட்டவர், இது தம் நாட்டின் உள்விவகாரம் என வாதிட்டதைப் பதிவேடுகளிற் படிக்கையில் வியப்பே மேலிடுகிறது. சாஸ்திரியார் முதல் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்கா செல்வதற்கு வழிவகுத்த 1927-ஆம் ஆண்டின் கேப்டவுன் ஒப்பந்தமும் இவ்விவாதத்தின் பின்னணியாகும்.

1946 டிசம்பர் 8-ஆம் நாள், 44-ஆம் எண் தீர்மானம் நிறைவேறிற்று. ஆதரவு 32, எதிர்ப்பு 15, நடுநிலை 7. மூன்றில் இரண்டு பங்கு தேவை என்று சபை முன்னரே முடிவு செய்திருந்தது. வாக்களித்த 47 நாடுகளுள் ஒன்றே ஒன்று பக்கம் மாறியிருப்பினும் தீர்மானம் வீழ்ந்திருக்கும்! எந்த நாடு எப்பக்கம் நின்றது என்பதை வாக்குப் பட்டியலிற் காண்பதே இத்தேடலின் பெரும்பயன்.

அத்துடன் நூலை மூடிவிடலாகாது. இரு அரசாங்கங்களும் அடுத்த கூட்டத்தொடருக்கு அறிக்கை தரவேண்டும் என்று தீர்மானம் கோரியது. ஆகவே 1947-ஆம் ஆண்டுத் தொகுதியையும் எடுத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டு மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு கிட்டவில்லை.