வேலிப் பொட்டும் வீட்டுத் திண்ணையும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில், கோப்பாயைக் கடந்ததும் நீர்வேலி என்னும் ஊர் எதிர்ப்படும். செம்மண் நிலமும், ஆழ்ந்த கிணறுகளும், குலை தள்ளி நிற்கும் வாழைத் தோட்டங்களும் அவ்வூருக்கு வளமும் பெயரும் தந்தவை. இவற்றோடு எண்ணத்தக்க மற்றொரு செல்வமும் அவ்வூருக்கு உண்டு. அது கல்விச் செல்வம். அச்செல்வம் பள்ளிக் கட்டடங்கள் எழுவதற்கு முன்னரே வீட்டுத் திண்ணைகளில் விளைந்தது.

பழைய நாளில் குழந்தைக்கு வாய்த்த முதல் ஆசிரியை அதன் ஆச்சியே. விடியற்காலையில் துலாக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஓசையைக் கேட்டு எழும் பிள்ளை, ஆச்சியின் மடியிலிருந்து கதையும் கணக்கும் கேட்டது. பனங்கொட்டைகளை அடுக்கிக் கூட்டவும் கழிக்கவும் பழகியது. வீடுகளைப் பிரித்து நின்ற கிடுகு வேலிகளில் ஆள் நுழையத்தக்க ஒரு பொட்டு இருக்கும். கறியும் நெருப்பும் கைமாற்றும் போய்வந்த அவ்வழியே பிள்ளைகளும் போய்வந்தனர். ஆதலால் ஒரு வீட்டு ஆச்சி சொன்ன கதை அயலிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று.

விசயதசமியன்று ஏடு தொடக்குவர். தட்டிற் பரப்பிய அரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவித்த அந்தக் கையை முதுமையிலும் மறவாதவர் பலர். பின்னர்ப் பிள்ளை சட்டம்பியாரின் வீட்டுத் திண்ணைக்குச் செல்லும். மணலில் எழுதிக் கைபழகி, ஓலையும் எழுத்தாணியும் பிடித்து, ஆத்திசூடி, நிகண்டு, எண்சுவடி ஆகியவற்றை மனனஞ் செய்யும். சட்டம்பியாரின் வீட்டார் உண்பதையும் உறங்குவதையும் மாணாக்கர் அறிவர். மாணாக்கரின் வீட்டு நலிவையும் நோயையும் சட்டம்பியார் அறிவார். கற்பித்தலும் வாழ்தலும் அங்கே ஒன்றாகவே இருந்தன.

இம்மரபிலே நீர்வேலி ஈன்ற பெரியார் சங்கர பண்டிதர். சிவசங்கர பண்டிதர் எனவும் வழங்கப்பெற்ற இவர் 1829ஆம் ஆண்டிற் பிறந்து, தமிழிலும் வடமொழியிலும் புலமை எய்தினார். இவரிடம் பாடங்கேட்டவர்களுள் ஒருவர் அயலூராகிய கோப்பாயைச் சேர்ந்த சபாபதி நாவலர். 1899இல் வெளிவந்த திராவிடப் பிரகாசிகையின் ஆசிரியர் அவரே. சங்கர பண்டிதரின் மகனாகிய சிவப்பிரகாச பண்டிதரும் தந்தையின் வழியிலே புலமையாற் புகழ்பெற்றார்.

எனினும், திண்ணையின் சிறப்பைப் பேசுவோர் அதன் குறையை மறைத்தலாகாது. திண்ணைக்கு வாசல் ஒன்றே, அதுவும் ஒடுங்கியது. பெண்பிள்ளைகளிற் பெரும்பாலோர் எழுத்தறியாமலே அடுக்களைக்குட் புகுந்தனர். ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கு அத்திண்ணையில் இடமே இருக்கவில்லை. தோட்டத்தில் தண்ணீர் இறைத்த கைகளுக்கு எழுத்தாணி எட்டவில்லை. அயலார் அனைவரும் ஒரு குடும்பம் என்று சொல்லப்பட்ட ஊரிலேயே, பொட்டு வைக்கப்படாத வேலிகளும் இருந்தன.

அவ்வேலிகள் மெல்ல மெல்லவே தளர்ந்தன. அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கி, 1824இல் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நிறுவினர். நல்லூரிலே திண்ணைக் கல்வியில் வளர்ந்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் எழுதி அச்சிட்ட பாலபாடங்கள், செய்யுளை மனனஞ் செய்த பிள்ளைகளுக்கு எளிய உரைநடையைப் படித்து விளங்கும் வழியைத் திறந்தன. ஆயினும், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வகுப்பிலே சமமாக அமரவேண்டும் என்னும் ஏற்பாடு 1920களின் இறுதியில் வந்தபோது யாழ்ப்பாணத்திற் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த பின்னரே வறிய வீட்டுப் பிள்ளையும் உயர்வகுப்பை எண்ணிப் பார்க்கும் காலம் பிறந்தது.

பள்ளி பெருகியதால் வீட்டுக் கல்வி அழிந்துவிட்டதா? இல்லையென்று இரு காலங்கள் காட்டின. 1995 ஒக்டோபர் இறுதியில், போர் நெருங்க, நீர்வேலி உள்ளிட்ட வலிகாமத்து மக்கள் பெருந்தொகையினராய்த் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். வீடும் பள்ளியும் ஒருங்கே இழந்த அந்நாட்களில், மரநிழலும் கோயில் மண்டபமுமே வகுப்பறைகளாயின. புத்தகம் இல்லாதவிடத்துத் தாயின் நினைவே புத்தகமாயிற்று. பின்னர் 2020 மார்ச்சில், கொள்ளைநோய் காரணமாக இலங்கை முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டபோது பெற்றோர் மீண்டும் ஆசிரியராயினர். பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வந்தன. அஃது இல்லாத வீட்டுப் பிள்ளையோ வெளியே நின்றது. பழைய திண்ணையின் ஒடுங்கிய வாசல் புதிய உருவில் திரும்பி வந்தது.

ஆகவே, நீர்வேலியின் வரலாறு இரண்டு பாடங்களைச் சேர்த்தே புகட்டுகின்றது. பிள்ளையை அறிந்து, அதன் விரலைப் பிடித்து எழுதுவிக்கும் அன்பு வீட்டிற்கே உரியது; எந்தப் பிள்ளையையும் வெளியே நிறுத்தாத கடமை பள்ளிக்கு உரியது. ஒன்றின் பெயரால் மற்றொன்றைக் கைவிடுதல் பேதைமை. ஏடு தொடக்கும் நாளிலே தம் பிள்ளைக்காகத் தட்டில் அரிசி பரப்புகின்ற தாய், வேலிக்கு அப்பாலுள்ள பிள்ளையையும் பொட்டினூடே அழைப்பாளாயின், திண்ணையின் பெருமை நிலைக்கும். அதன் குறையும் தீரும்.