எல்லை வேலியில் சீசா, தகரத்தில் நன்றி... மெக்ஸிகோ இடம்பெயர்வைச் சொல்லும் 4 கலைப் படைப்புகள்!

பார்க்ல சீசா விளையாடியிருப்பீங்க. எதிர்ப்பக்கம் ஆள் இல்லைன்னா அது வெறும் பலகைதான்! இந்தச் சின்ன விஷயத்தை வெச்சு, இரண்டு நாடுகளின் கதையையே சொல்லிட்டாங்க இரண்டு பேர்.

பிங்க் சீசா

அமெரிக்கா - மெக்ஸிகோ எல்லையின் நீளம் 3,000 கிலோமீட்டருக்கும் மேல். 2019 ஜூலையில், சியூடாட் ஹுவாரெஸ் நகரை ஒட்டிய எல்லை வேலியின் இடுக்குகளில் மூன்று பிங்க் நிற சீசாக்களைப் பொருத்தினார்கள் ரொனால்ட் ராயெலும் வர்ஜீனியா சான் ஃப்ராட்டெல்லோவும். இரண்டு பக்கமும் குழந்தைகள் உட்கார்ந்து ஆடினார்கள். ஒரு மணி நேரம்கூட நீடிக்காத விளையாட்டுதான். ஆனா, ஒரு பக்கம் அழுத்தினா மறுபக்கம் என்ன ஆகும்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. லண்டன் டிசைன் மியூசியத்தின் 2020-ம் ஆண்டுக்கான சிறந்த வடிவமைப்பு விருதும் கிடைத்தது.

வேலியில் வானம்

மெக்ஸிகோவில் பிறந்த அனா தெரசா ஃபெர்னாண்டஸ், 2011-ல் டிஹுவானா கடற்கரைக்குப் போனார். கறுப்பு கவுனும் ஹீல்ஸுமாக ஏணியில் ஏறி, எல்லை வேலிக்கு வான நீலத்தில் பெயின்ட் அடித்தார். தூரத்துல இருந்து பார்த்தா, அந்த இடத்துல வேலியே இல்லாத மாதிரி இருக்கும்!

தகரத்தில் நன்றி

இது பிரபலங்கள் செய்த கலை இல்லை. ஆற்றையும் பாலைவனத்தையும் கடந்து உயிரோடு போய்ச் சேர்ந்தவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் தேவாலயங்களில் வைக்கும் சின்னத் தகர ஓவியங்கள். பெயர், ரெட்டாப்லோ. மேலே மாதா அல்லது புனிதர், நடுவில் சந்தித்த ஆபத்து, கீழே நன்றி வாசகம். ஹலிஸ்கோ மாநிலத்தின் சான் ஹுவான் டி லோஸ் லாகோஸ் மாதாவுக்கு இப்படி நிறைய காணிக்கைகள் உண்டு.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? பிழைத்தவர்கள்தான் நன்றி சொல்ல முடியும். வழியிலேயே இறந்தவர்களுக்கு ரெட்டாப்லோ கிடையாது.

மிச்சமான பொருள்களின் இசை

அந்த மௌனத்துக்குக் காது கொடுத்தவர், மெக்ஸிகோ சிட்டியில் பிறந்த இசையமைப்பாளர் கியெர்மோ கலிண்டோ. எல்லைப் பகுதியில் கிடந்த தண்ணீர் பாட்டில், துணி, ஷூ போன்றவற்றை இசைக்கருவிகளாக மாற்றினார். புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் மிஸ்ராக்குடன் அவர் உருவாக்கிய இந்தப் படைப்பின் பெயர், 'பார்டர் கான்டோஸ்'. அந்த ஷூவைப் போட்டிருந்தவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா? யாருக்கும் தெரியாது.

அடுத்த முறை செய்தியில் 'எல்லை தாண்டியவர்கள் இத்தனை பேர்'னு ஓர் எண்ணைப் பார்த்தா, ஸ்க்ரோல் பண்றதுக்கு முன்னாடி அந்த ஷூவை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க!