எழுத்துப்பிழையில் பிறந்த ஓகே

1839 மார்ச் 23 அன்று வெளிவந்த 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளேட்டின் இரண்டாம் பக்கத்தில் 'ஓ.கே.' என்று அச்சாகியிருந்தது. வாசகர்களுக்குப் புரியாமல் போகுமோ என்று, 'ஆல் கரெக்ட்' (எல்லாம் சரி) என்ற விளக்கமும் கூடவே இருந்தது. விவகாரம் ஒன்றும் பெரிதல்ல. 'மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம்' என்ற பெயரில் நையாண்டிக்கென்றே ஒரு சங்கம் பாஸ்டனில் இருந்தது. அதைப் பற்றிப் பிராவிடன்ஸ் நகரப் பத்திரிகை ஒன்றோடு நடந்த கேலிச் சண்டையில், ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன் போகிற போக்கில் தட்டிவிட்ட எழுத்துகள் அவை.

'ஆல் கரெக்ட்' என்பதைச் சுருக்கினால் ஏ, சி என்றுதானே வர வேண்டும்? அங்கேதான் குறும்பு. 1838 கோடையிலிருந்து பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு எதையும் முதலெழுத்துகளாகச் சுருக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. அதிலும் ஒரு படி மேலே போய், எழுத்தறியாதவர் எழுதியதுபோலப் பிழையாக எழுதிவிட்டுச் சுருக்கினார்கள். 'ஆல் ரைட்' அப்படித்தான் ஓ.டபிள்யூ. ஆனது, 'நோ கோ' கே.ஜி. ஆனது. ('ஒரு கல் ஒரு கண்ணாடி' படத்தை 2012இல் 'ஓகே ஓகே' என்று சுருக்கிய நம்மவர்களுக்கு இந்த ஆசை புரியும்.) அந்தச் சுருக்கங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே செத்துப்போயின. ஓ.கே. மட்டும் தப்பியது. அதற்குக் காரணம் மொழி அல்ல, அரசியல்.

1840இல் அமெரிக்க அதிபர் மார்ட்டின் வான் பியூரன் மறுபடி தேர்தலில் நின்றார். அவர் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹூக். 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்ற பட்டப்பெயரைச் சுருக்கி, ஆதரவாளர்கள் நியூயார்க்கில் 'ஓ.கே. கிளப்' தொடங்கினார்கள். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, 'ஆல் கரெக்ட்' என்பதைப் பிழையாக எழுத்துக்கூட்டித்தான் கோப்புகளில் ஓ.கே. என்று எழுதினார் என்று கதை கட்டிவிட்டது. வான் பியூரன் தோற்றார். கட்டுக்கதை தோற்கவில்லை, அதைக் கேட்டவர்கள் உண்மையாகவே காகிதங்களில் அப்படிக் குறிக்கத் தொடங்கினார்கள். ஒரு பொய்யே வழக்கத்தை உண்டாக்கியது என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான இடம். பிறகு தந்தி வந்தது. செய்தி கிடைத்ததைச் சொல்ல இதைவிடச் சிக்கனமான சொல் தந்திக்காரர்களுக்கு எங்கே கிடைக்கும்?

பிறந்த கதை மறந்ததும் ஆளுக்கொரு மூலம் சொன்னார்கள். ஜாக்சனே எழுதியதற்குச் சான்றாக 1790ஆம் ஆண்டு டென்னசி நீதிமன்றப் பதிவு ஒன்றைக் காட்டினார்கள். உற்றுப் பார்த்தபோது அது ஓ.ஆர்., அதாவது 'பதிவுக்கு உத்தரவு'. சாக்டா பழங்குடியினரின் 'ஓகே' என்ற சொல்லே மூலம் என்று நம்பிய அதிபர் உட்ரோ வில்சன், காகிதங்களில் அதற்கேற்ற எழுத்துக்கூட்டலையே பயன்படுத்தினார். கிரேக்கம், மேற்கு ஆப்பிரிக்க மொழிகள் என்றும் உரிமை கோரல்கள் உண்டு. ஓசை ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீடு பழைய நாளேடுகளைப் புரட்டி, 1963, 64 ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' ஆய்விதழில் எழுதிய கட்டுரைத் தொடரில் பாஸ்டன் கதையை நிறுவினார்.

சரிபார்த்ததற்கான அடையாளமாகப் புழங்கிய சொல் என்பதாலோ என்னவோ, ஓகேயில் பாராட்டு குறைவு. "படம் எப்படி?" என்று கேட்டு "ஓகே" என்று பதில் வந்தால், டிக்கெட் எடுக்க யாரும் ஓடமாட்டார்கள். சம்மதம் என்று வரும்போது அதன் எடையே வேறு. "பொண்ணு வீட்ல ஓகே சொல்லிட்டாங்க" என்று போன் வந்தால் மண்டபம் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.