இணையமும் இளம்பருவமும்

இணையம் இளைஞர்களைக் கெடுக்கின்றதா என்று இன்று பலரும் கேட்கின்றனர். இக்கேள்வி பழையது. 1927-இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அரசு ஒரு சினிமா விசாரணைக் குழுவை அமைத்தது. திரைப்படம் சிறுவர் மனத்தை என்ன செய்கின்றது என்பதையும் அக்குழு விசாரித்தது. கருவி மாறினும் பெற்றோர் அச்சம் மாறுவதில்லை.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995 ஆகஸ்டு 15-இல் கிடைத்தது. எங்கள் வானூருக்குத் தெற்கே, புதுச்சேரிச் சிற்றூர்களில் அது நுழைந்த விதம் வியப்பிற்குரியது. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக்கி, சுற்றுப்புற ஊர்களில் தகவல் நிலையங்களை நிறுவிற்று. எம்பலத்தில் கோயிலை ஒட்டிய அறையில், சூரிய ஒளியால் இயங்கும் இரு கணினிகள் இருந்தன. கோயில் வாயில் சிலருக்கு மூடியிருந்த காலத்தில், அடுத்த வாயில் எவருக்கும் திறந்திருந்தது! வீராம்பட்டினத்து மீனவர் அறிய விரும்பியது ஒன்றே: நாளை அலை எவ்வளவு உயரம் எழும்? அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து அச்செய்தியை எடுத்து ஒலிபெருக்கியில் ஊரறியச் சொன்னார்கள். மக்கள் தம் கேள்வியோடு இணையத்திடம் சென்றனர். விடை கிடைத்ததும் வேலைக்குத் திரும்பினர்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின் நிலைமை வேறாயிற்று. பாடத்திற்கென்று பல வீடுகளில் கைப்பேசி வாங்கிக் கொடுத்தனர். உப்பளத்து வேலை வெயில் ஏறுமுன் தொடங்குவது. தாய் தந்தையர் இருட்டிலேயே பாத்திகளுக்குப் போய்விடுவர். பிள்ளையும் கைப்பேசியும் தனித்திருந்தன. 2021 செப்டம்பர் முதல் நாள் ஒன்பதாம் வகுப்பு முதலாகப் பள்ளிகள் திறந்தபோது நான் கண்டது, முதல் பாடவேளையிலேயே கவிழும் தலைகள். சோம்பேறிகள் என்று ஆசிரியர் சிலர் சினந்தனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை, அவர்கள் தூங்காதவர்கள்.

சடுகுடுவையும் கிட்டிப்புள்ளையும் அந்தி இருள் முடித்துவைக்கும். கைப்பேசி விளையாட்டிற்கு அந்தி இல்லை. பரிசு எப்போது வரும் என்று தெரியாதபடி அதை அமைக்கின்றனர். ஆதலின் இன்னும் ஓர் ஆட்டம் என்று மனம் கெஞ்சுகின்றது. ஆசையை அடக்கும் முன்மூளைப் பகுதியோ இருபத்தைந்து வயதளவிலேயே முதிர்கின்றது. வளரிளம் பருவத்தினர்க்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும். கற்றது நினைவில் படிவதற்கும் அவ்வுறக்கமே துணை.

ஆயினும் விளையாடுவோர் அனைவரும் நோயாளிகள் அல்லர். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் ஏற்றியபோதும், கட்டுப்பாட்டை இழந்து வாழ்வே குலையும் நிலை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள் நீடிக்க வேண்டும் என்றே வரையறுத்தது. அந்நிலைக்கு ஆளாவோர் சிலரே. இரண்டு ஆட்டம் ஆடிய பிள்ளையை நோயாளி என்று ஏசுவது நியாயமன்று.

சீனம் 2021-இல் பதினெட்டு வயதிற்குட்பட்டோர்க்கு வாரநாள்களில் இணைய விளையாட்டைப் பெரும்பாலும் தடுத்தது. தமிழ்நாடு 2025-இல், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைச் சிறுவர்க்கு விலக்கி, பெரியவர்க்கும் நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை தடை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றம் அவ்விதிகளை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணவிளையாட்டையே தடுக்கும் சட்டம் இயற்றிற்று. இவ்விரண்டும் பணத்தை நோக்கியவை. பணமில்லா விளையாட்டிற்கு நள்ளிரவுத் தடை இல்லை. எங்கள் கரையில் அந்நேரத்தில் விழிப்பவர்கள் உப்பளத் தொழிலாளர். விளக்கணைந்த வீட்டில் போர்வைக்குள் தெரியும் வெளிச்சத்தை முதலில் காண்பவர்களும் அவர்களே.