"மெடிக்கல் கிரேட்" என்றால் என்ன? ஒரு களிம்பின் கதை



மேக்கப் இல்லாமல் கேமரா முன் உட்கார முடியாத தொழில் என்னுடையது. அதனால் சருமப் பராமரிப்பு பற்றிப் பேச வருகிறேன் என்றதும், நான் என்ன க்ரீம் பூசுகிறேன் என்று சொல்லப்போவதாகப் பலர் நினைத்திருக்கலாம். அதைச் சொல்லப்போவதில்லை. நான் பூசி ஏமாந்த ஒரு களிம்பைப் பற்றியும், அதன் பின்னால் இருக்கும் நீண்ட கதையைப் பற்றியும் சொல்லப்போகிறேன்.

இன்று ஜொகூர் பாருவிலும் ஸ்கூடாயிலும் மாசாயிலும் எந்த அழகு நிலையத்துக்குப் போனாலும் "மெடிக்கல் கிரேட்" என்ற வார்த்தை காதில் விழுகிறது. மருத்துவத் தரம் என்று பொருள். "அக்கா, அதை எப்படி ஆரம்பிப்பது?" என்று தங்கைமார்கள் என்னிடம் கேட்கிறார்கள். இருபது வயதுகளில் இதே கேள்வியை நானும் ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். "கிளினிக்கில் கொடுக்கும் தரம்" என்றார். டப்பாவில் தயாரிப்பாளர் பெயர் இல்லை, எண் இல்லை, எதுவுமே இல்லை.

இரண்டு வாரத்தில் முகம் பளபளத்தது. எல்லாரும் பாராட்டினார்கள். மூன்றாவது மாதம், பூசாமல் விட்ட ஒரு நாள் முகம் நெருப்பாக எரிந்தது. கன்னம் சிவந்து, வெயிலில் பத்து நிமிடம் நிற்க முடியாமல் போனது. பூசினால் அடங்கும், விட்டால் எரியும். தோல் நிபுணரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "டப்பாவில் நம்பர் இருக்கிறதா?" என்பதுதான். நான் தலை குனிந்தேன். "இது ஸ்டீராய்டு வேலை மாதிரி இருக்கிறது" என்றார். முகம் பழைய நிலைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று.

அந்தக் கேள்விதான் என்னை வரலாற்றைத் தேட வைத்தது.

தோட்டத்து டிரெஸ்ஸரும் வெள்ளை ஸ்னோவும்

சருமத்துக்கு மருந்து என்பது நமக்குப் புதிதல்ல. நம் பாட்டனும் பாட்டியும் ஜொகூர் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்பே பால் மரம் வெட்டப் போனவர்கள். சிரங்கு, படை, தேமல் என்று எது வந்தாலும் தோட்டத்து டிரெஸ்ஸர்தான் வைத்தியர். பிரிட்டிஷ் காலத்து மருந்தகங்களில் தேமலுக்கும் படைக்கும் கொடுத்த களிம்புகளில் ஒன்று விட்ஃபீல்ட் களிம்பு. ஆர்தர் விட்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயத் தோல் மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. அதில் இருந்தவை இரண்டு அமிலங்கள்: பென்சாயிக் அமிலம், சாலிசிலிக் அமிலம். அதே சாலிசிலிக் அமிலம்தான் இன்று முகப்பரு திரவம் என்ற பெயரில் அழகான கண்ணாடிப் பாட்டிலில் வருகிறது.

இன்னொரு பக்கம் ஹேஸ்லின் ஸ்னோ. நம் வீடுகளில் "ஸ்னோ" என்றாலே அதுதான். அதைக் கொண்டுவந்தது பரோஸ் வெல்கம் என்ற லண்டன் மருந்துக் கம்பெனி. மாத்திரை செய்யும் கம்பெனியின் க்ரீம் என்றால் அதற்கு ஒரு மரியாதை. மருந்துக் கடையின் கௌரவத்தை அழகுப் பொருளின் மீது ஏற்றி விற்பது, பார்த்தீர்களா, நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம்.

1952: மருந்தும் சட்டமும்

அடுத்து நாம் நினைவில் வைக்க வேண்டிய ஆண்டு 1952. அந்த ஆண்டில்தான் அமெரிக்க மருத்துவர்களான சல்ஸ்பெர்கரும் விட்டனும், ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டைத் தோலில் பூசினால் கரப்பான் போன்ற நோய்கள் அடங்குகின்றன என்று எழுதினார்கள். தோல் மருத்துவத்தில் அது பெரிய திருப்பம். பின்னர் பீட்டாமெதாசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டுகள் வந்தன. அவை வீக்கத்தையும் சிவப்பையும் வேகமாக அடக்கும், நிறத்தையும் வெளுக்க வைக்கும். ஆனால் முகத்தில் மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும், இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், நிறுத்தினால் எரியும். எனக்கு நேர்ந்தது அதுதான்.

அதே 1952ஆம் ஆண்டில்தான் அன்றைய மலாயாவில் நச்சுப் பொருள் சட்டமும் மருந்து விற்பனைச் சட்டமும் வந்தன. இன்றும் நம்மைக் காப்பவை அந்த இரண்டு சட்டங்கள்தான்.

யாருடைய தோலில் கற்றார்கள்?

இந்தக் கதையில் என்னை உலுக்கிய பகுதி இனித்தான் வருகிறது. 1939இல் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களின் கைகள் வெண்புள்ளி வந்தது போல வெளுத்துப் போயின. அவர்கள் போட்டிருந்த ரப்பர் கையுறையில் சேர்க்கப்பட்ட ஒரு ரசாயனம்தான் காரணம். அது ஹைட்ரோகுவினோனுக்கு நெருங்கிய உறவு. தொழிலாளிக்கு வந்த அந்தக் கேடு, கம்பெனிகளுக்கு நிறத்தை வெளுக்க வைக்கும் வழியாகத் தெரிந்தது. பிறகு ஹைட்ரோகுவினோன் களிம்புகள் கடைகளை நிறைத்தன. தென்னாப்பிரிக்காவில் அதைப் பல ஆண்டுகள் பூசிய பெண்களின் கன்னம் வெளுப்பதற்குப் பதிலாகக் கருநீலமாகத் தடித்துப் போனதை 1975இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 1990இல் அந்நாடு அவற்றுக்குத் தடை விதித்தது.

வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த டிரெட்டினோயின் கதையும் இப்படித்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் அதை முகப்பருவுக்கு மருந்தாக நிலைநாட்டினார். 1971இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. பரு, கரும்புள்ளி, சுருக்கம் மூன்றுக்கும் இன்றுவரை நம்பகமான மருந்து அது. ஆனால் கிளிக்மன் தம் சோதனைகளைப் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள் மீது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பிலடெல்பியா நகரம் அதற்காக 2022இல் மன்னிப்புக் கேட்டது.

அதே கிளிக்மன்தான் 1980களில் "காஸ்மெசூட்டிக்கல்" என்ற சொல்லைப் பரப்பினார். மருந்துக்கும் அழகுப் பொருளுக்கும் நடுவில் ஒரு வகை என்று பொருள். இன்றைய "மெடிக்கல் கிரேட்" அந்தச் சொல்லின் தங்கைதான். அமெரிக்கச் சட்டம் இரண்டையுமே தனி வகையாக ஏற்கவில்லை.

நம் நாட்டில் இரண்டே கதவு

மலேசியாவிலும் அப்படித்தான். 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி ஒரு களிம்பு மருந்தாக இருக்கலாம் அல்லது அழகுப் பொருளாக இருக்கலாம். மூன்றாவது கதவு கிடையாது.

பதிவு பெற்ற மருந்துக்கு எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் பாதுகாப்பு ஒட்டுச் சின்னமும் இருக்கும். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெதாசோன் எல்லாம் இந்தக் கதவுக்குள்தான். மருத்துவரிடமோ, மருத்துவரின் சீட்டோடு மருந்தாளரிடமோதான் வாங்க வேண்டும். அழகுப் பொருளுக்கு 2008 ஜனவரி முதல் அறிவிப்பு எண் உண்டு. என்.ஓ.டி. என்று தொடங்கி 'கே' எழுத்தில் முடியும். என்.பி.ஆர்.ஏ. என்ற தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத் தளத்தில் அந்த எண்ணை நீங்களே சரிபார்க்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அறிவிப்பு எண் என்பது அரசாங்கம் ஒவ்வொரு டப்பாவையும் சோதித்துக் கொடுக்கும் நற்சான்று அல்ல. கம்பெனி பொறுப்பேற்று அறிவிக்கிறது, அதிகாரிகள் பின்னர் கடைகளில் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். பாதரசமோ மேற்சொன்ன மருந்துகளோ கலந்திருந்தால் எண்ணை ரத்து செய்து பெயரை வெளியிடுகிறார்கள். அப்படிப்பட்ட பொருளை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். எண் இருந்தால் பிடிக்க ஒரு ஆள் இருக்கிறார். எண் இல்லாவிட்டால், என் டப்பாவைப் போல, யாரையும் பிடிக்க முடியாது.

பாதரசம் முகத்தோடு நிற்பதில்லை. கேரளாவின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் ஓர் அரிய பிரிவு. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். முகத்துக்குப் பூசியது சிறுநீரகத்தில் போய் நின்றது.

சரி, எப்படித் தொடங்குவது?

முதலில் வெயில் காப்புக் களிம்பு. நாம் வாழ்வது பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரை டிகிரி தூரத்தில். எஸ்.பி.எப். 30க்குக் குறையாததைக் காலையில் தாராளமாகப் பூசுங்கள், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள். இதைச் செய்யாமல் கரும்புள்ளிக்கு எவ்வளவு செலவழித்தாலும் அது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றும் கதைதான். இதோடு மென்மையான முகக் கழுவியும் சாதாரண ஈரப்பசைக் களிம்பும் போதும். முதல் ஒரு மாதம் வேறு எதுவும் வேண்டாம்.

அதன் பிறகும் பருவோ கருமையோ இருந்தால் கிளினிக் கெசிஹாத்தான் மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் அவரே அரசாங்க மருத்துவமனைத் தோல் நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார். டிரெட்டினோயின் எழுதித் தந்தால் இரவில் பட்டாணி அளவு, வாரம் இரண்டு மூன்று நாள் என்று தொடங்கச் சொல்வார்கள். முதல் சில வாரம் தோல் உரியும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களும் அதைத் தொடக்கூடாது. நம்மைப் போன்ற மாநிறச் சருமம் எரிச்சல் பட்ட இடத்திலெல்லாம் கருமையைச் சேர்த்துக்கொள்ளும், அதனால் அவசரம் கூடாது. ஏற்கனவே சந்தேகமான களிம்பு பூசிக் கொண்டிருப்பவர்கள் வெட்கப்படாமல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

தீபாவளி வருகிறது, கல்யாண மாதம் வருகிறது. பாசார் மாலாமிலோ தெரிந்தவர் மூலமாகவோ "ஏழே நாளில் வெள்ளை" என்று ஒரு டப்பா உங்கள் வீட்டுக்குள்ளும் வரும். கொண்டு வருபவர் நல்லவராகவே இருக்கலாம். எனக்கு விற்றவரும் கெட்டவர் இல்லை, தாமும் அதையே பூசிக் கொண்டிருந்தார். அவரிடம் சண்டை வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதன் நம்பர் என்ன?"

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் கண்ணாடி மேசை இழுப்பறையைத் திறந்து, ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் பாருங்கள். அம்மாவுடையதையும் மகளுடையதையும் சேர்த்துத்தான்.