காற்றில் பிறந்த வினை: 'லிஃப்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

அடுக்குமாடியில் 'லிஃப்ட்' ஓடவில்லை என்கிறோம். பேருந்தைத் தவறவிட்டால் பைக்கில் 'லிஃப்ட்' கேட்கிறோம். தமிழுக்குள் பெரும்பாலும் பெயராகவே வந்து சேர்ந்த இச்சொல், ஆங்கிலத்துக்குள் வினையாகவே நுழைந்தது. அந்த வினையோ ஒரு பெயரிலிருந்து பிறந்தது. அந்தப் பெயர் குறித்தது காற்றை.

பழைய நோர்ஸ் மொழியில் 'லொப்த்' என்றால் காற்று, வானம், மேல்மாடி. அதிலிருந்து வந்த 'லிப்தா' என்ற வினைக்குக் காற்றுவெளிக்குக் கொண்டுபோதல் என்று பொருள். பரணைக் குறிக்கும் ஆங்கில 'லாஃப்ட்' இதன் உடன்பிறப்பு. காற்றைக் குறிக்கும் ஜெர்மன் 'லுஃப்ட்' ஒன்றுவிட்ட உறவு. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர் வழியே வந்த இவ்வினை, 1200ஐ ஒட்டிய ஆங்கில எழுத்துகளில் தென்படுகிறது.

தூக்குவதற்கு ஆங்கிலத்தில் அதுவரை சொல் இல்லாமலில்லை. 'ஹீவ்' இருந்தது. கனத்தைக் குறிக்கும் 'ஹெவி'யும் அந்த வேரிலிருந்து வந்ததே. வந்தேறிச் சொல் வேரூன்றியதும், மூச்சுமுட்டத் தூக்குவதும் பெருமூச்சு விடுவதுமாக 'ஹீவ்' சுருங்கிப்போனது. எளிதாகத் தூக்குவதெல்லாம் 'லிஃப்ட்' வசமாயிற்று.

பொருள் விரிவில் சுவையானது திருட்டு. 'பர்ஸைத் தூக்கிட்டான்' என்று நாம் சொல்லும் அதே பொருள் 16ஆம் நூற்றாண்டில் இச்சொல்லுக்கு ஏறியது. 1590களின் தொடக்கத்தில் லண்டன் எத்தர்களின் தந்திரங்களைத் துண்டுநூல்களாக எழுதிய ராபர்ட் கிரீன், கடைத் திருட்டை ஒரு தனிக் கலையாகவே விவரிக்கிறார். திருடுகிறவனுக்கே 'லிஃப்ட்' என்று பெயர். வாங்க வந்தவன்போல் துணிக்கடைக்குள் நுழைவான்; கடைக்காரர் திரும்பும் நேரம் பார்த்துச் சரக்கைக் கூட்டாளியிடம் தள்ளுவான்; அது தெருவில் நிற்கும் மூன்றாமவன் கைக்குப் போய்விடும். பிடிபட்டவனிடம் சோதித்தால் ஒன்றுமிராது! 'ஷாப்லிஃப்டர்' என்ற கூட்டுச்சொல் 17ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது; தொழில் அதற்கு முந்தியது.

இங்கே ஒரு மயக்கம் நேரலாம். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா செய்த கோதிக் விவிலிய மொழிபெயர்ப்பில் திருடனுக்கு 'ஹ்லிஃப்டுஸ்' என்ற சொல் உண்டு. ஒலி ஒத்திருப்பதால் இரண்டையும் முடிச்சுப்போடத் தோன்றும். ஆனால் அது கிரேக்க 'கிளெப்டெய்ன்' என்ற திருட்டு வினையின் இனம், காற்றோடு தொடர்பற்றது. நடுவில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியும் இருக்கிறது. திருட்டுப் பொருள் தூக்குவதிலிருந்தே கிளைத்தது என்பதற்குத் தமிழின் 'தூக்கிட்டான்' நல்ல ஒப்புச்சான்று.

மரபுத்தொடர்களில் இச்சொல் எடையைப் பாரமாகவும் தடையாகவும் மாற்றிக்கொள்கிறது. உதவ மனமில்லாதவன் விரலைக்கூட 'லிஃப்ட்' செய்யமாட்டான். ஊரடங்கும் தடையும் 'லிஃப்ட்' செய்யப்படும். தமிழில் தடையைத் தூக்குவதில்லை, நீக்குகிறோம். ஜெர்மானியர் மரியாதைக்குத் தொப்பியைத் தூக்குவதற்குச் சொல்லும் 'லுஃப்டன்' என்ற வினையில் காற்று இன்றும் வெளிப்படையாகத் தெரிகிறது.

ஆங்கிலத்திலோ காற்று மறந்தே போயிற்று. 1948 ஜூன் முதல் 1949 மே வரை சோவியத் முற்றுகையில் இருந்த மேற்கு பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் விமானங்களில் சென்றன. அதை ஆங்கிலம் 'ஏர்லிஃப்ட்' என்றது. ஜெர்மானியர் 'காற்றுப்பாலம்' எனப் பொருள்படும் 'லுஃப்ட்ப்ரூக்க' என்றனர். ஜெர்மன் சொல்லில் காற்று ஒருமுறை. ஆங்கிலச் சொல்லில், வேரைத் தோண்டினால், இருமுறை.